எந்தப் பக்கத்தால் எழுதினால் என்ன?

"எழுத்து வந்திட்டுத்தானே சேர், எந்தப் பக்கத்தால எழுதினா என்ன?"

சீனம் படிக்கத் தொடங்கும் நம் பிள்ளைகள் இரண்டாம் கிழமையே கேட்டுவிடும் கேள்வி இது. அவர்கள் கேட்பதில் குற்றமில்லை, கேட்கத்தான் வேண்டும். "ஒன்றுமில்லை மகன், எப்படியாவது எழுதிப் பழகு" என்று பெரியவர்கள் சொல்லும் பதிலோடுதான் எனக்குச் சண்டை. கோடுகளை எந்த ஒழுங்கில் போடுவது என்ற கோட்டு வரிசை தூரிகைக் காலத்துச் சடங்காம். இப்போது எல்லாம் போனில் தட்டுவதுதானாம். சீனர்களுக்கே கையால் எழுத மறந்துபோகிறதாம். போதாக்குறைக்கு ஜப்பானில் ஒரு வரிசை, சீனாவில் இன்னொரு வரிசை. இதில் எது சரி என்று யார் தீர்ப்பது? இந்தக் கட்சி இன்று ஏறக்குறைய எல்லா இடத்திலும் வென்றுவிட்டது. மொழிச் செயலிகள் பல, எழுத்தைக் காட்டிப் பொருளைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. சொல்லிக்கொடுப்பவர்களும், பிள்ளை அலுத்து ஓடிவிடுமோ என்ற பயத்தில், முடிந்த எழுத்தைப் பார்த்துச் சரி போட்டுவிடுகிறார்கள்.

கிண்ணியாவில் யாரப்பா சீனம் படிக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர் சிரிக்கலாம். வயலும் கடலும் வெளிநாட்டு உழைப்பும்தான் இந்த ஊர் என்று அவர் நினைத்திருப்பார். அதுவும் உண்மைதான். ஆனால் புறக்கோட்டைக் கடைகளில் அடுக்கியிருக்கும் சரக்கில் எவ்வளவு சீனாவிலிருந்து வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு, குவாங்ஜோவுக்கும் யீவூவுக்கும் போய்வரும் நானாமார் புதுமையல்ல. அங்கே மருத்துவமோ பொறியியலோ படிக்கப் புலமைப்பரிசில் தேடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முறையாகப் படிக்க வேண்டுமானால் களனிப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் கன்பூசியஸ் நிறுவகம் இருக்கிறது; கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. இங்கிருந்து அதற்கு ஓர் இரவு பஸ்ஸில் போக வேண்டும். ஆகவே போன்தான் வகுப்பறை. போன் நம் உச்சரிப்பைக் கேட்கும், தெரிவு செய்த விடையைத் திருத்தும். கொப்பியில் பேனை எப்படிப் போகிறது என்பதை மட்டும் அது பார்ப்பதில்லை.

முந்தைய தலைமுறைக்குச் சீனா காதால் வந்தது. பீஜிங்கிலிருந்து தமிழ் ஒலிபரப்பு 1963இல் தொடங்கியது. சிற்றலையில் அந்தச் சீனக் குரல்கள் பேசிய தூய தமிழைக் கேட்டு வியந்தவர்கள் இந்தக் கரையிலும் உண்டு. இப்போது அது கண்ணால் வருகிறது. கைக்கு எந்தக் காலத்திலும் முறை வரவில்லை. அதனால்தான் கை தேவையில்லை என்பது இவ்வளவு எளிதாக எடுபடுகிறது என்று நினைக்கிறேன்.

பொதுவாகப் பேசாமல் ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். மீன். கிண்ணியாவில் இதைவிடப் பொருத்தமான எழுத்து வேறெது? உச்சரிப்பு 'யூ'. இன்று சீனாவில் எழுதும் வடிவத்துக்கு எட்டுக் கோடு. முதலாவது, உச்சியில் இடப்பக்கம் சரியும் ஒரு சின்னக் கோடு. இரண்டாவது, வலப்பக்கம் போய் மடங்கி இடப்பக்கமாய்க் கீழே இறங்குவது. இரண்டும் சேர்ந்து மீனின் தலை. மூன்றாவது, வயிற்றுப் பெட்டியின் இடச்சுவர். நான்காவது, கூரையும் வலச்சுவரும். பேனையை எடுக்காமல் ஒரே கோடாக. ஐந்தாவது பெட்டிக்குள்ளே ஒரு கிடைக்கோடு, ஆறாவது உள்ளே ஒரு நிலைக்கோடு. அதன் பிறகுதான் ஏழாவது கோடு பெட்டியின் அடியை மூடும். எல்லாவற்றுக்கும் கீழே நீளமாக எட்டாவது கோடு. அது வால்.

நம் பிள்ளை இதை எப்படி எழுதும் தெரியுமா? சுழியும் வளைவும் பழகிய தமிழ்க் கை அது. பேனையை எடுக்காமல் இழுப்பதில்தான் அதற்குச் சுகம். பெட்டியை ஒரே இழுப்பில் நாலு பக்கமும் சுற்றி மூடிவிடும். பிறகு உள்ளே ஒரு சிலுவை. பிறகு வால். கடைசியில் மேலே போய்த் தலை. சதுரக்கோட்டுக் கொப்பியில் பார்த்தால் மீன்தான், குறை சொல்ல முடியாது. அச்சில் இருப்பதுபோலவே இருக்கிறது. இதில் என்ன கெட்டுப்போனது என்பதுதான் எதிர்க்கட்சியின் கேள்வி.

வாலைப் பாருங்கள். அந்தக் கடைசிக் கிடைக்கோடு எங்கிருந்து வந்தது? பழைய வடிவத்தில் அங்கே கோடு கிடையாது, நாலு புள்ளிகள்தான். தைவானிலும் ஹொங்கொங்கிலும் ஜப்பானிலும் இன்றைக்கும் மீனைப் பதினொரு கோட்டில் நாலு புள்ளியோடுதான் எழுதுகிறார்கள். மூவாயிரம் வருடத்துக்கு முந்திய எலும்பு எழுத்துகளில் அது செங்குத்தாக நிற்கும் மீனின் படம்; அந்த வாலின் பிளவுதான் காலப்போக்கில் நாலு புள்ளியானது. நாலு புள்ளியையும் எல்லோரும் இடமிருந்து வலமாக வைத்தார்கள். அவசரமாக எழுதும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் பேனையைத் தூக்க யாருக்குப் பொறுமை? தூக்காமல் இழுத்தால் நாலும் சேர்ந்து ஒரு கோடு. கணக்கெழுதியவரும் கடிதம் எழுதியவரும் நூற்றாண்டுகளாக அப்படித்தான் எழுதிவந்தார்கள். 1956இல் சீன அரசு எழுத்து எளிமையாக்கத் திட்டத்தை அறிவித்தபோது, அந்தக் கைப்பழக்கத்தையே எடுத்து அச்சுக்கு ஏற்றியது. குதிரை பத்துக் கோட்டிலிருந்து மூன்றானது, புத்தகம் பத்திலிருந்து நாலானது, வண்டி ஏழிலிருந்து நாலானது. எளிமையாக்கிய எழுத்துகள் எல்லாமே இந்த வழியில் வந்தவை என்று சொல்லமாட்டேன். வேறு வழிகளும் இருந்தன. ஆனால் இந்த நாலும், இவைபோல இன்னும் பலவும், ஓடும் கை விட்டுச்சென்ற தடங்கள். ஜப்பானியரின் ஹிரகானா எழுத்துகளும் அப்படியே. சீன எழுத்துகளைக் கை வேகமாக எழுதி எழுதித் தேய்த்ததில் பிறந்தவை அவை.

ஆளுக்கொரு பக்கத்திலிருந்து புள்ளி வைத்திருந்தால் அந்தக் கோடு உண்டாகியிருக்குமா? ஒருவர் வலமிருந்து, ஒருவர் நடுவிலிருந்து, இன்னொருவர் புள்ளிகளை முதலில் வைத்துவிட்டுத் தலையைக் கடைசியில். ஆயிரம் பேர் வேகமாக எழுதினால் ஆயிரம் கிறுக்கல்தான் மிஞ்சும். எல்லாக் கையும் ஒரே வழியில் போனதால்தான் வேகத்தில் சிதைந்த வடிவமும் எல்லோருக்கும் வாசிக்கக்கூடியதாக, பொதுவானதாக இருந்தது. அதனால்தான் 'வடிவம் போதும், வரிசை வேண்டாம்' என்பது எனக்கு வேடிக்கையாகத் தெரிகிறது. அவர்கள் போதும் என்று காட்டும் அந்த வடிவத்தைச் செய்ததே வரிசைதான்.

எண்ணிக்கை விஷயமும் இருக்கிறது. நமக்கு அகரவரிசை எப்படியோ, சீனர்களுக்குக் கோட்டு வரிசை அப்படி. கூட்டங்களில், நூல்களில், பெயர்ப் பட்டியல்களைக் குடும்பப் பெயரின் கோட்டு எண்ணிக்கைப்படி அடுக்குவது அங்கே வழக்கம். எண்ணிக்கை சமமானால் முதற்கோடு என்ன வகை என்று பார்ப்பார்கள்: கிடை, நிலை, இடச்சரிவு, புள்ளி, மடிப்பு என்று ஐந்து வகை, அந்த முறையில். உச்சரிப்புத் தெரியாத எழுத்தை அகராதியில் தேடவும் கோட்டை எண்ணத் தெரிய வேண்டும். பெட்டிக்கு மூன்று கோடு. நம் பிள்ளை ஒரே இழுப்பில் மூடிய பெட்டிக்கு ஒன்று. ஆறு கோடுள்ள மீனை எந்த அகராதியில் தேடுவது?

இனி ஜப்பான் வாதம். இதுதான் எதிர்க்கட்சியின் கூர்மையான ஆயுதம், அதை மழுப்பக் கூடாது. அதே மீனின் வயிற்றுக்குள் சீனர் கிடைக்கோட்டை முதலில் போடுகிறார், ஜப்பானியர் நிலைக்கோட்டை முதலில் போடுகிறார். வலது, இடது என்ற இரண்டு எழுத்துகளை எடுத்தால், சீனாவில் இரண்டையும் கிடைக்கோட்டில் தொடங்குவார்கள்; ஜப்பானில் 'வலது' சரிகோட்டில் தொடங்கும், 'இடது' கிடைக்கோட்டில் தொடங்கும். ஜப்பானியக் கல்வி அமைச்சு 1958இல் 881 எழுத்துகளுக்கு வரிசை காட்டிக் கையேடு போட்டது. இதில் இல்லாத வரிசைகள் பிழையென்று ஆகாது என்று அந்தக் கையேடே சொல்லிவைத்தது. தைவான் 1996இல் தனியாக ஒன்று வெளியிட்டது. சீனா 1997இல் 7000 எழுத்துகளுக்கு வகுத்தது, பிறகு 8105 எழுத்துகளுக்குப் புதிய விதி போட்டு 2021 மார்ச்சிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அரசுகளுக்குள்ளேயே ஒத்துப்போகாத ஒன்றுக்கு ஏன் இந்தப் பாடு என்கிறார்கள்.

ஒத்துப்போகாத இடம் எவ்வளவு என்று பார்த்தால் ஏன் என்று விளங்கும். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், பெட்டிக்குள் போடவேண்டியதைப் போட்டுவிட்டுக் கடைசியில் அடியை மூடுவது: இவற்றில் மூன்று நாட்டுக்கும் பிணக்கில்லை. அடுத்தடுத்து வரும் இரண்டு கோட்டில் எது முந்துவது என்பது போன்றவற்றில்தான் வேறுபாடு. பெட்டியை முதலில் மூடிவிட்டுச் சுவரேறிக் குதிக்கும் வரிசை எந்த நாட்டிலும் இல்லை. இலங்கையில் வாகனம் இடப்பக்கம் ஓடுகிறது, சீனாவில் வலப்பக்கம் ஓடுகிறது. அதனால் நடுவில் ஓட்டலாம் என்று யாரும் முடிவெடுப்பதில்லை. சீனாவுக்குப் போகிறவர் சீன வரிசையைப் பழகட்டும், ஜப்பானுக்குப் போகிறவர் அந்த வரிசையைப் பழகட்டும். எனக்கு இரண்டும் சம்மதம். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்பதுதான் சம்மதமில்லை.

"சீனர்களுக்கே மறக்கிறது" என்பதும் உண்மை. உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தட்டினால் திரையில் சீன எழுத்து வந்து நிற்கிறது. தெரிவு செய்தால் முடிந்தது. படித்தவர்களே பேனையை எடுத்ததும் திகைத்து நிற்பதைச் சீனப் பத்திரிகைகள் அலசிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் அவர்கள் கற்றுவிட்டு மறக்கிறார்கள். பாடசாலைக் காலம் முழுக்கக் கையால் எழுதி, கண்ணுக்குள் இறங்கிய பிறகு கையை விட்டவர்கள் அவர்கள். கற்காமலே மறந்தவன் அவர்களைச் சாட்சிக்கு அழைப்பது எப்படிச் சரி? தான் லிஹாய் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, சீனப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் அவர்களுடைய எழுதும் திறனோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதைக் காட்டியது. 2013இல் வந்த இன்னோர் ஆய்வில், ஆங்கில எழுத்தில் உச்சரிப்பைத் தட்டுவதில் அதிக நேரம் போக்கும் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கும் போக்கு தெரிந்தது. இவை எழுதுவதைப் பற்றிய ஆய்வுகள், வரிசையைப் பற்றியவை அல்ல என்று யாராவது குறுக்கிட்டால் ஒப்புக்கொள்வேன். அங்கிருந்து வரிசைக்கு வருவது என் சொந்தக் கணிப்பு: ஒரே எழுத்தை ஒவ்வொரு தடவையும் வேறு வழியில் எழுதும் கைக்கு நினைவு வைக்க ஒரு வழி ஏது?

அதற்காக மூவாயிரம் எழுத்தையும் கையால் எழுதிக் குவிக்கச் சொல்லவில்லை. வெளிநாட்டார் சீனம் கற்பதற்கென்று 2021இல் வந்த தரவிதியே, வாசிக்கத் தெரியவேண்டிய 3000 எழுத்தில் 1200ஐத்தான் கையால் எழுதக் கேட்கிறது. தொடக்க நிலையில் வெறும் 300. அந்த முந்நூறைச் சரியாக எழுதினால் போதும். மற்றவை பெரும்பாலும் அதே உறுப்புகளை வேறுவிதமாகச் சேர்த்தவைதான். கை தானே போய்விடும்.

வரிசை தேவையில்லை என்று சீனத்துக்காக வாதாடும் வாப்பாமார், பிள்ளையை ஓதப்பள்ளிக்கு அனுப்பும்போது இந்த வாதத்தை வாசலில் விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அரபுச் சொல் ஒன்றை அந்தப் பிள்ளை எப்படி எழுதுகிறது? வலமிருந்து தொடங்கிச் சொல்லின் உடலை முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு திரும்பி வந்து புள்ளிகளை வைக்கிறது. 'பே', 'தே', 'ஸே' மூன்றுக்கும் உடல் ஒன்றுதான். கீழே ஒன்று, மேலே இரண்டு, மேலே மூன்று என்று புள்ளிதான் பிரிக்கிறது. நடுவழியில் நிறுத்திப் புள்ளி வைக்கப் போனால் சொல் அறுந்துபோகும். அரபுத்தமிழில் எழுதிய நம் பாட்டன்மாரும், தமிழுக்கென்று கூடுதல் புள்ளி சேர்த்த எழுத்துகளை அந்த முறையிலேயே எழுதினார்கள். அங்கே யாரும் "எந்தப் பக்கத்தால எழுதினா என்ன" என்று லெப்பையைக் கேட்பதில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரியும்.

தமிழுக்கு வரிசை இல்லை என்றும் சொல்லாதீர்கள். நாம் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான். பெட்டிக்குள் கிடக்கும் பழைய காணி உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். நொத்தாரிசின் கை ஓடிய ஓட்டத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். காலுக்கும் கொம்புக்கும் வித்தியாசம் தெரியாது. இளசுகள் ஒரு வரியைத் தாண்டமாட்டார்கள். ஊரில் அதைப் படிக்கக்கூடிய ஒரு பெரியவர் இருப்பார். அவர் படிக்கும்போது விரல் காற்றில் அசையும். பேனை எங்கே தொடங்கி எங்கே திரும்பியிருக்கும் என்று தேடுகிறார். அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரிப் பழகியதால்தான் அவருக்கு அது அகப்படுகிறது. காணியின் எல்லை வாய்க்காலா வரம்பா என்பது அந்த விரலின் நுனியில் இருக்கிறது.

காலியில் 1911இல் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்த கல்லைக் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின் பெயரால் அறியப்படும் கல்வெட்டு, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீனத்தில் புத்தரையும், தமிழில் தேனவரை நாயனார் என்ற தெய்வத்தையும், பாரசீகத்தில் அல்லாஹ்வையும் போற்றுகிறது. அரபு வரிவடிவத்தில் பாரசீகம், தமிழ், சீனம்: கிண்ணியாப் பிள்ளை ஒன்றின் கொப்பிகளில் இன்று இருக்கும் மூன்று எழுத்தும் அறுநூறு வருடத்துக்கு முன்பே ஒரே கல்லில். சீனப் பகுதியின் திகதியில் வரும் பேரரசர் ஆட்சிப் பெயர் யொங்லெ. அதன் முதல் எழுத்து 'யொங்'தான், தூரிகைப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு சீனப் பிள்ளையும் காலங்காலமாக எழுதிப் பழகும் எழுத்து; ஐந்தே கோட்டுக்குள் எட்டு அடிப்படை அசைவுகளும் அதில் அடங்கியிருக்கின்றன என்பதால். கல்லில் ஏது வரிசை, வெட்டியவன் தன் வசதிக்குத்தானே வெட்டியிருப்பான் என்று ஒருவர் மடக்கினார். வெட்டியவன் எப்படியும் வெட்டட்டும். அவன் உளிக்கு வழிகாட்டிய மையை ஒருவர் தூரிகையால் எழுதினாரே, அவர் வரிசையாகத்தான் எழுதினார். தூரிகை ஊன்றிய இடமும் எடுத்த இடமும் தடிப்பாகவும் மெலிவாகவும் தெரியும். கல்லில் வெட்டியவன் அதையும் சேர்த்தே வெட்டினான்.

எதிர்க்கட்சியின் ஒரு குறை மட்டும் நியாயமானது. வரிசை என்ற பெயரில் நடக்கும் கொடுமை. ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவரச் சொல்லி, மறுநாள் சிவப்புப் பேனையால் கோடிழுத்துத் திருப்பிக் கொடுப்பது. இதனால் ஒரு புண்ணியமும் இல்லை. முடிந்த எழுத்தில் வரிசை தெரியாது, அதைப் பார்த்துத் திருத்தவும் முடியாது. பிள்ளை எழுதும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், மூன்றாவது கோட்டில் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். வீட்டில் பத்துப் பக்கம் பிழையாக எழுதியவனைவிட முன்னால் உட்கார்ந்து பத்துத் தடவை சரியாக எழுதியவன் முன்னே போவான். வீட்டுவேலை கொடுப்பது ஆசிரியருக்குச் சுலபம் என்பது வேறு கதை.

"இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. வியாபாரிக்கு எதற்கு?" கடைசியாக இப்படியும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் அவருக்குத்தான் தேவை. மாணவன் அச்சுப் புத்தகத்தோடு காலம் தள்ளிவிடுவான். மொத்தக் கடையில் பேரம் முடிந்ததும் கடைக்காரர் ஒரு சீட்டைக் கிழித்து, எத்தனை பெட்டி, என்ன நிறம், எவ்வளவு முற்பணம், எப்போது ஏற்றுவது என்று பேனையால் எழுதி நீட்டுவார். அச்சுக் கோடு எதுவும் அதில் இருக்காது. பெட்டி சுழியாகியிருக்கும், நாலு புள்ளி நெளிகோடாகியிருக்கும், இரண்டு எழுத்து ஒன்றாய் ஒட்டியிருக்கும். கோடு எந்த முறையில் வரும் என்று கை பழகியவர் அந்தச் சுழியை அவிழ்த்து மூன்று கோடாக்கிப் படித்துவிடலாம். பழகாதவர் போனை எடுத்துக் கமராவைக் காட்டுவார். அச்செழுத்தைப் போன் நன்றாகவே படிக்கும். அவசரக் கையெழுத்தில் தடுமாறும். தடுமாறுவதை ஒப்புக்கொள்ளவும் மாட்டாது, பக்கத்தில் உள்ள ஏதோ ஓர் எழுத்தைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். முற்பணம் அதற்குள் கைமாறியிருக்கும்.